லயத்துக் கோழிகள் எல்லாம் ஒரே மந்தை

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு முதலில் திரும்பக் கிடைக்கும் சொத்து கோழி. வீடு கிடைக்க ஆண்டுகள் ஆகும். காணிக்கு உறுதி கிடைக்க அதைவிடக் கூடுதலான காலம் ஆகும். பசு வாங்கக் கையில் பணம் இருக்காது. ஆனால் இரண்டு பேட்டுக் கோழியும் ஒரு சேவலும் இருந்தால் ஓராண்டுக்குள் ஒரு சிறு மந்தை உருவாகிவிடும். பிள்ளைகளின் கொப்பிக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசுக்கும், திடீரென்று வந்த உறவினருக்குச் சோறு போடுவதற்கும் அந்த மந்தைதான் கைகொடுக்கிறது. பெரும்பாலும் அது வீட்டுத் தாயின் கையிலுள்ள சேமிப்பு. அதை எடுத்துச் செலவழிக்க அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

அதேபோல், முதலில் பறிபோகும் சொத்தும் கோழிதான். திங்கட்கிழமை ஒரு கோழி தூங்கி விழும். வெள்ளிக்கிழமைக்குள் லயத்தின் ஒரு பக்கத்துக் கூடுகள் எல்லாம் காலியாகிவிடும். "கோழிச்சீக்கு வந்துவிட்டது, என்ன செய்வது?" என்று சொல்லிவிட்டு நாமும் வேலைக்குப் போய்விடுகிறோம். இதை விதி என்று ஏற்றுக்கொள்வது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்த நோயைத் தடுக்கலாம். ஆனால் ஒரு வீடு மாத்திரம் முயன்றால் தடுக்க இயலாது. லயம் முழுவதும் ஒன்றாகச் சேர வேண்டும். நமக்குக் கோழிக்குஞ்சு தருகிறவர்களும், அரசாங்கத்தின் மிருக வைத்திய சேவையும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும்.

இடம்பெயர்ந்தோரின் கோழிகள் ஏன் சாகின்றன?

சப்ரகமுவ மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு மண்சரிவு புதிதன்று. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்திலும் லயத்தின் மீது மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த மழை கேகாலை உட்படப் பல மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் பாடசாலைகளுக்கும் கோவில் மண்டபங்களுக்கும், பின்னர் தற்காலிகக் கொட்டில்களுக்கும், அதன்பின் புதிய வீட்டுத் திட்டங்களுக்கும் போகின்றன.

இந்தப் பயணத்தில் கோழிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல டிவிசன்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஒருவர் பழைய லயத்திலிருந்து தப்பிய சேவலைக் கூடையில் கொண்டுவருகிறார். இன்னொருவருக்கு அக்கா வீட்டிலிருந்து ஒரு பேட்டுக் கோழி கிடைக்கிறது. வேறொருவர் சந்தையில் வாங்குகிறார். நிறுவனம் ஒன்று வந்து வீட்டுக்குப் பத்துக் குஞ்சு கொடுத்துவிட்டுப் போகிறது. நாலைந்து இடத்துக் கோழிகள், நாலைந்து இடத்துக் கிருமிகளோடு, ஒரே முற்றத்தில் மேய்கின்றன. ஏழு பேர்ச் காணியில் வேலி இருக்கலாம். கோழிக்கு வேலி தெரியுமா? கிருமிக்குத்தான் தெரியுமா?

இதற்கு மேல் நம் பகுதியின் ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நனைந்த கூடு காய்வதில்லை. ஈரக் கூடு குஞ்சுகளின் வேறு பல நோய்களுக்கும் இடங்கொடுக்கிறது.

நோயை அடையாளம் காண்போம்

நம் கோழிகளை மொத்தமாகக் கொண்டுபோகும் நோய்க்கு இராணிக்கட் என்று பெயர். வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்த நோய் கண்டறியப்பட்டது. அதற்கடுத்து வட இந்தியாவின் குமாவோன் மலைப் பகுதியிலுள்ள ராணிகேத் என்ற ஊரில் காணப்பட்டது. அந்த ஊரின் பெயரே நம் நாடுகளில் நோய்க்குப் பெயராகிவிட்டது. 1930 அளவில் இலங்கையும் இந்த நோய் கண்ட நாடுகளின் வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆகவே, ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நம்மோடு இருக்கும் நோய் இது. யாரும் செய்வினை வைத்து வந்ததன்று.

இதன் அடையாளங்கள் வருமாறு: கோழி இரை எடுக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகும். முட்டை குறையும், அல்லது தோல்முட்டையாக வரும். இரண்டொரு நாளில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், காலும் செட்டையும் இழுத்துக்கொள்ளும். சில கோழிகள் எந்த அடையாளமும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். குஞ்சு, தாய், சேவல் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. தடுப்பு மருந்து பெறாத மந்தையில் கடுமையான வகை நுழைந்தால் பத்தில் ஒன்பது கோழி சாவதும் உண்டு.

எல்லாக் கழிச்சலும் இராணிக்கட் அன்று. இதைப் பிரித்தறிவது முக்கியம், ஏனெனில் சில நோய்களுக்கு மருந்து உண்டு. குஞ்சுகள் மாத்திரம், அதுவும் மூன்று முதல் ஆறு வார வயதில், இரத்தம் கலந்து கழிந்தால் அது இரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. மிருக வைத்தியர் தரும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கூட்டைக் காயவைத்தால் பல குஞ்சுகளைக் காப்பாற்றலாம். அதே வயதில் குஞ்சுகள் வெள்ளையாக நீராகக் கழிந்து, நடுங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது கம்போறோவாக இருக்கலாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளமும் பொருக்கும் தோன்றினால் கோழி அம்மை. அதை நுளம்பு பரப்புகிறது. அதற்கும் தடுப்பு மருந்து உண்டு. முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி வடிந்தால் அது பக்டீரியாவால் வரும் சளிநோய். ஆரம்பத்தில் கவனித்தால் சுகப்படுத்தலாம்.

இராணிக்கட்டுக்கோ மருந்து இல்லை. இது வைரஸ் நோய். மனிதருக்குத் தரும் கப்சியூலை உடைத்து ஊட்டுவதால் வைரஸ் சாகாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிட்டால் மந்தை போய்விடும். "நாட்டுக்கோழிக்குச் சீக்கு வராது" என்று சொல்வோரும் உண்டு. நாட்டுக்கோழி வெயிலையும் மழையையும் தாங்கும், இராணிக்கட்டைத் தாங்காது.

ஒரு குப்பியின் கணக்கு

இராணிக்கட்டைத் தடுக்கும் மருந்து மலிவானது. கண்ணில் ஒரு சொட்டு விட்டாலே போதுமான வகைகள் உண்டு. அப்படியானால் நம் கோழிகளுக்கு ஏன் அது கிடைப்பதில்லை? காரணம் குப்பியின் அளவு.

பெரிய பண்ணைகளை மனதிற் கொண்டுதான் மருந்து தயாரிக்கப்படுகிறது. நூறு, இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் கோழிகளுக்கு என்றே குப்பிகள் வருகின்றன. வழக்கமான மருந்தைக் குளிரில், அதாவது 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு தாய் இருநூறு கோழிக்கான குப்பியை வாங்குவாரா? வாங்கினால், மிச்சம் 192 சொட்டுக்களையும் கொட்டத்தான் வேண்டும்.

இப்போது கணக்கை மாற்றிப் போடுங்கள். ஒரு லயத்திலும் அதன் பின் லயத்திலுமாக இருபது வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு எட்டுக் கோழி என்றால் 160 கோழிகள். இருநூறின் குப்பி ஒன்று போதும். விலையை இருபதாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு வரும் பங்கு ஒரு முட்டையின் விலையளவுதான் இருக்கும், கூடினாலும் சில முட்டைகளின் விலைதான். தனியாக வாங்க முடியாத ஒன்று, சேர்ந்தால் எளிதாகிவிடுகிறது.

சேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபது வீட்டில் ஐந்து வீட்டுக் கோழிகளுக்கு மாத்திரம் மருந்து விட்டால், மற்றப் பதினைந்து வீடுகளிலும் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து வீட்டிலும் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளை அது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறோம்: கூடு இருபது ஆனாலும் மந்தை ஒன்று.

இதை மற்றவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தில் இரண்டு வாரங்கள் புறக்கடைக் கோழிகளுக்குக் கழிச்சல்நோய்த் தடுப்பூசி முகாமை அரசாங்கம் இலவசமாக நடத்துகிறது. வெப்பத்தைத் தாங்கும் ஐ-2 என்ற மருந்துவகையை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பீற்றர் ஸ்பிரட்புறோவின் குழு உருவாக்கியது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத கிராமங்களுக்காகவே செய்யப்பட்ட மருந்து அது. ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் ஊர்மக்களிலேயே சிலரைப் பயிற்றுவித்து, மார்ச், ஜூலை, நவம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை வீடு வீடாகச் சென்று இந்தச் சொட்டு மருந்தை விட்டார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு சிறு தொகை கொடுத்தது. பயிற்சி பெற்றோரில் பெண்களும் இருந்தனர். நீண்ட போரால் இடம்பெயர்ந்து திரும்பிய மக்களைக் கொண்ட அந்நாட்டில் இது இயலுமானால், நம் தோட்டங்களில் ஏன் இயலாது?

நமக்குப் பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர் ஆகிய மாதங்கள் பொருந்தும் என்பது எமது கருத்து. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் கோழிகள் கைமாறும், ஊர் விட்டு ஊர் போகும். அந்த நேரத்தில்தான் நோயும் பயணம் செய்கிறது. மருந்து வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். ஆகவே பண்டிகைக்கு முன்பே விட்டிருக்க வேண்டும். நோய் வந்தபின் ஓடிப்போய் மருந்து விட்டால், ஏற்கெனவே கிருமி புகுந்த கோழி எப்படியும் சாகும். பிறகு "மருந்துதான் கொன்றது" என்று பழி சொல்வோம். இளங்குஞ்சுக்கு எப்போது, வளர்ந்த கோழிக்கு எந்த வகை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து விடுபவர் பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். மருந்து கண்ணில் பட்டால் கண் சிவந்து உறுத்தும்.

குஞ்சு கொடுப்போருக்கு ஒரு வார்த்தை

அனர்த்தத்தின் பின் நிறுவனங்கள் வாழ்வாதார உதவியாகக் குஞ்சுகளைப் பகிர்ந்தளிப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல நோக்கம். ஆனால் மேடை போட்டு, படம் எடுத்து, பெட்டியிலிருந்து குஞ்சைக் கையில் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பது சரியன்று. எங்கே பொரித்த குஞ்சு? என்ன மருந்து விடப்பட்டது? அடுத்த மருந்து எப்போது? கூடு உண்டா? இந்த நான்கு கேள்விக்கும் விடை இல்லாமல் கொடுக்கப்படும் குஞ்சு உதவியாகாது, பெறுகிறவரின் தலையில் ஏற்றும் சுமையாகும். அது சாவதோடு நில்லாமல், அக்குடும்பம் ஏற்கெனவே வைத்திருந்த நாலு கோழியையும் கொண்டுபோய்விடலாம்.

ஆகவே எமது கோரிக்கை இது: பத்துக் குஞ்சு கொடுக்கும் பணத்தில் ஆறு குஞ்சு கொடுங்கள். மிச்சப் பணத்தில் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்த, மழை அடிக்காத ஒரு கூடும், ஓராண்டுக்கான தடுப்பு மருந்தும், லயத்துக்கு இருவருக்கு மருந்து விடும் பயிற்சியும் கொடுங்கள். எண்ணிக்கை குறைந்ததால் அறிக்கையில் அழகு குறையலாம். ஆனால் ஆண்டு முடிவில் எத்தனை கோழி உயிரோடிருக்கிறது என்பதே உண்மையான எண்ணிக்கை. திருச்சபையின் கிராமப் பணிகளும் இந்த அளவுகோலுக்கு விலக்கல்ல.

பெறுகிறவர்களும் கேட்கப் பழக வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்வதோடு நம் பங்கு முடிந்துவிடவில்லை. "மருந்து விட்ட குஞ்சா?" என்று கேட்பது நன்றி கெட்ட செயலாகாது. அது நம் உரிமை.

மிருக வைத்தியர் தோட்டத்துக்கும் உரியவர்

மிருக வைத்திய அலுவலகங்கள் கிராமத்துக்கே, தோட்டத்துக்கு அல்ல என்ற எண்ணம் நம்மிடமும் அதிகாரிகளிடமும் ஊறிப்போயிருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. பல தலைமுறையாகத் தோட்டத்தில் எதற்கும் துரையிடம்தான் போக வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்கூடத் தோட்டங்களுக்குள் சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. மிருக வைத்திய சேவை மாகாண சபையின் கீழ் இயங்குவது, பிரதேச சபையின் கீழ் அன்று. ஆயினும் "தோட்டம் வேறு, நாடு வேறு" என்ற பழைய மனப்போக்கு அங்கும் நிழலாடுகிறது.

மூன்று காரியங்களை நாம் கேட்க வேண்டும். முதலாவது, தடுப்பு மருந்து விடும் நாட்களின் அட்டவணையில் தோட்ட டிவிசன்களின் பெயரும் இடம்பெற வேண்டும். இரண்டாவது, நோயையும் மருந்தையும் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் தமிழிலும் வேண்டும். சிங்களம் நன்றாகப் பேசும் நம் பெண்கள் பலருக்கு அதை வாசிக்க வராது. மூன்றாவது, தோட்ட நிர்வாகம் மருந்துக் குப்பியை ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தரவும், மருந்து விடும் நாளில் பெரட்டுக் களத்தில் அறிவிக்கவும் முன்வர வேண்டும். இவை பெரிய செலவில்லாத காரியங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் தொற்றுநோயை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் பொறுப்பை மிருகங்களை வைத்திருப்போர் மீது சுமத்துகிறது. ஒரே நாளில் பல கோழிகள் சாகும்போது இது இன்னும் முக்கியமாகிறது. பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே அடையாளங்களோடு வரும். இந்தியாவில் அது முதன்முதலாக 2006 பெப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. இராணிக்கட் மனிதருக்குக் கண் உறுத்தலுக்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. பறவைக் காய்ச்சலோ மனித உயிரையும் எடுக்கக் கூடியது. இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்களே உறுதி சொல்ல முடியும். ஆகவே செத்த கோழிகளைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். உடனே அறிவியுங்கள்.

சீக்கு வந்த வீட்டில் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற கோழியைத் தனியாக அடையுங்கள். மற்றவற்றையும் மேய விடாதீர்கள். முதலில் சுகமான கோழிக்கு இரை வையுங்கள், கடைசியில் நோயுற்றதற்கு.

2. செத்ததை ஓடையிலோ தேயிலை மலையிலோ எறியாதீர்கள். நாய் இழுக்காத ஆழத்தில், பீலிக்கும் கிணற்றுக்கும் தூரமாக, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

3. கூட்டைக் கூட்டி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கூடை, தண்ணீர்ச் சட்டி, செருப்பு ஆகியவற்றிலும் கிருமி ஒட்டிக்கொள்ளும்.

4. கடைசிக் கோழி செத்தபின் அல்லது சுகமானபின் குறைந்தது ஒரு மாதமாவது புதுக் கோழி வாங்காதீர்கள்.

5. எப்போது புதுக் கோழி வந்தாலும், சொந்த அக்கா தந்ததானாலும், இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

இதில் எழுதப்படாத ஆறாவது ஒன்று உண்டு. அதுதான் கடினமானது. சீக்கு வந்த கோழியை விற்காதீர்கள்.

ஏழைக்கு இது எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். பத்துக் கோழி சாகப் போகிறது என்று தெரிந்தால், ஐந்தையாவது இன்று மாலைக்குள் காசாக்கிவிட மனம் துடிக்கும். அப்படி நினைப்பவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஐந்து கோழியும் போய்ச் சேருவது இன்னொரு லயத்திலுள்ள, நம்மைப் போன்றே இழந்துவந்த குடும்பத்தின் முற்றத்துக்கு. மழை முடிந்து அவர்கள் கட்டியெழுப்பிய கூட்டை நாம் காலி செய்கிறோம். உபதேசத்தால் மாத்திரம் இதை நிறுத்த இயலாது. லயத்தின் மரண உதவிச் சங்கம் சாவு வீட்டுக்குக் காசு கொடுப்பது போல, மாதம் வீட்டுக்கு ஒரு முட்டைக் காசைச் சேர்த்து வைத்தால், கோழிகளை இழந்த வீட்டுக்கு அடுத்த முறை இரண்டு பேட்டுக் கோழியாவது வாங்கிக் கொடுக்கலாம். விற்காமல் அறிவித்தவருக்கே அந்த உதவி என்று விதி வைக்கலாம். அப்போது உண்மை சொல்கிறவர் நட்டப்பட மாட்டார்.

சேர்ந்து செய்வது நமக்குப் புதிய பாடமன்று. திருவிழா எடுக்கிறோம். சாவு வீட்டில் குழி வெட்டுகிறோம். வேலைநிறுத்தம் என்றால் ஒரே குரலில் நிற்கிறோம். மண் சரிந்த இரவில் யாருடைய பிள்ளை என்று பாராமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த ஒற்றுமையில் ஒரு சிறு துளியை, ஆண்டில் மூன்று மாலைப் பொழுதுகளை, கோழிக்காகவும் ஒதுக்கினால் போதும். வருகிற பெப்ரவரிக்கு முன் உங்கள் லயத்தில் கோழிகளை எண்ணுங்கள். இருவரைத் தெரிவு செய்யுங்கள். அந்த எண்ணிக்கையை எழுதி மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். "எங்கள் லயத்தில் இத்தனை கோழி இருக்கிறது, எப்போது வருவீர்கள்?" என்று கேளுங்கள். எண்ணிக்கையோடு வரும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.